ஒரு நாள் அம்மா

போன வாரம் அக்காவும் தங்கையும் சமையலறை வாசலில் நின்று போட்ட சண்டையை அதற்குள் மறந்திருக்க மாட்டீர்கள். இந்த வாரம்தான் முதல்முறையாக இந்த வீட்டுக்குள் நுழைகிறீர்கள் என்றால், செருப்பைக் கழற்றிவிட்டு இப்படி உட்காருங்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

தங்கை நர்ஸ். பெற்ற குழந்தையை இரண்டு வயதில் அக்கா கையில் கொடுத்துவிட்டுக் கடல் தாண்டி வேலைக்குப் போனவள். நாலு வருஷம் கழித்துத் திரும்பி வந்திருக்கிறாள். இங்கேயே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது. ஆனால் அந்த ஆஸ்பத்திரி ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போனால்தான் வரும். அங்கே வீடு பார்த்தாயிற்று, பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கியாயிற்று. மிச்சம், குழந்தையைக் கூட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.

குழந்தையின் அப்பாவைப் பற்றி யாரும் விசாரிக்க வேண்டாம். தொட்டில் வாங்குவதற்கு முன்பே கழன்று கொண்ட மகானுபாவர். அவரை ஐந்தாம் அத்தியாயத்திலேயே வழியனுப்பிவிட்டோம்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. சலவைக் கடையில் கறை எடுக்கிற வேலை. குழந்தைக்குப் பட்டாணி என்று பெயர் வைத்தவள் அவள்தான். பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று குழந்தை தன் பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருக்கும்.

சண்டையின் முடிவில் அக்கா ஒரு நிபந்தனை போட்டாள்.

"ஒரே ஒரு நாள் அவளை நீ தனியா வெளியே கூட்டிட்டுப் போ. நானும் வரமாட்டேன், அப்பாவும் வரமாட்டார். சிரிச்சுக்கிட்டுத் திரும்பி வந்தாள்னா, நீயே அவளை வச்சுக்கோ. நான் குறுக்கே நிக்கமாட்டேன். அழுதுக்கிட்டு வந்தாள்னா, அடுத்த வருஷம் வரைக்கும் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

"சரி" என்றாள் தங்கை. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பெற்றவள் என்ற தைரியம்.

இனி, சனிக்கிழமை காலை.

சாப்பாட்டு மேஜையை நர்ஸ் மொத்தமாக ஆக்கிரமித்திருந்தாள். நடுவில் ஒரு பெரிய படம் விரிந்து கிடந்தது. ஊருக்கு வெளியே இருக்கும் இயற்கைப் பூங்காவின் படம். நேற்றே தனியாகப் போய்ச் சுற்றிப் பார்த்து, வாசலில் கேட்டு வாங்கி வந்திருந்தாள். காற்றில் பறக்காமல் இருக்க மூலைக்கு ஒரு டம்ளர்.

"இங்கே உள்ளே நுழையறோம். இது பட்டாம்பூச்சிக் கூடம். இந்த மரப்பாலத்துல நின்னா பறவையெல்லாம் தெரியும். இங்கே நிழல் இருக்கு, சாப்பிடலாம்." வார்டில் நோயாளிகளைப் பிரித்துக் கொடுக்கிற மாதிரி விரலால் காட்டிக்கொண்டே போனாள்.

"நாளைக்குச் சீக்கிரம் கிளம்பினா பஸ்ஸில ஜன்னல் சீட்டுக் கிடைக்கும்" என்றார் அப்பா. முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவர். இன்றைக்கும் வீட்டில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் "உள்ளே போங்க, உள்ளே போங்க, நடுவில இடமிருக்கு" என்பார். முதலில் சிரித்தார்கள். இப்போது யாரும் சிரிப்பதில்லை. அவரும் விடுவதில்லை.

பட்டாணி வீட்டில் இல்லை. கீழ்வீட்டுப் பூனை குட்டி போட்டிருந்தது. விடிந்ததும் விடியாததுமாக அங்கே போய் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, அவளுக்கு வெயில் ஒத்துக்குமா?"

"தொப்பி போட்டா ஒத்துக்கும். நீலத் தொப்பி. சிவப்பைப் போடாதே, அது காதை உறுத்தும்னு கழற்றி எறிஞ்சிடுவா."

"நீலம்" என்று நர்ஸ் தனக்குள் சொல்லிக்கொண்டாள். "வெளியில போனா பாத்ரூமெல்லாம் எப்படி?"

"கதவுக்கு வெளியே நின்னு நீ பேசிக்கிட்டே இருக்கணும். பேச்சை நிறுத்தினா, நீ போயிட்டேன்னு நினைச்சுப் பாதியில எழுந்து வந்துடுவா."

"என்ன பேசணும்?"

"எதையாவது. நான் கடையில வந்த கறையை எல்லாம் வரிசையா சொல்லுவேன். காபி, மை, கிரீஸ், லிப்ஸ்டிக். லிப்ஸ்டிக்னு சொன்னா உள்ளேயிருந்து சிரிப்புக் கேட்கும்."

நர்ஸ் சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். அந்த நிமிஷம் வரை அக்காவின் மனசில் ஒரு விஷமும் இல்லை. இதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். ராத்திரி பூராவும் புரண்டு யோசித்து, 'போகிறதென்றால் போகட்டும், அங்கேயாவது நன்றாக இருக்கட்டும்' என்கிற இடத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டிருந்தாள்.

அப்போதுதான் நர்ஸ் அக்காவின் கைமேல் கையை வைத்தாள்.

"ரொம்ப தேங்க்ஸ் அக்கா. இவ்வளவு நாள் அவளை நல்லாப் பார்த்துக்கிட்டே. எங்க ஆஸ்பத்திரியில இருக்கிற ஆயாங்களை எல்லாம் உன்கிட்ட ஒரு மாசம் அனுப்பி வைக்கணும். அப்பத்தான் குழந்தைங்களை எப்படிக் கவனிக்கணும்னு தெரிஞ்சுக்குவாங்க."

நல்ல மனசோடுதான் சொன்னாள். அதுதான் கொடுமை. கெட்ட மனசோடு சொல்லியிருந்தால் அக்கா திருப்பி நாலு வார்த்தை திட்டிவிட்டு எழுந்து போயிருப்பாள்.

"அப்புறம், பட்டாணி படுக்கிற ரூம் காலியாயிடும். உன் இஸ்திரி மேஜையை அங்கே போட்டுக்கலாம். பாவம், இத்தனை நாளும் வராண்டாவில நின்னுக்கிட்டு இருக்கே."

அக்கா கையை மெதுவாக உருவிக்கொண்டாள். படத்தைப் பார்த்தாள். பூங்காவின் ஒரு மூலையில் நீலமாக ஒரு வட்டம் இருந்தது. நர்ஸின் விரல் அதன் பக்கம் போகவே இல்லை.

"இது என்ன?"

"அதுவா, குளம். அங்கே வேணாம்னு விட்டுட்டேன். பெரிய பெரிய வெள்ளை வாத்து, கூட்டமா அலையுது. கழுத்தைத் தூக்கினா ஒவ்வொண்ணும் பட்டாணி உயரம் இருக்கும். நேத்து ஒண்ணு என் கைப்பையைக் கவ்விப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேன்னுடுச்சு."

"ஐயோ, அதைப் போய் விட்டுட்டியே!" என்றாள் அக்கா.

"ஏன்?"

"அவளுக்கு உயிரே வாத்துதான். வாத்தைக் காட்டாம கூட்டிட்டு வந்தா பூங்காவுக்கே போகலைன்னு அர்த்தம்."

அப்பாவின் கையில் இருந்த டீ பாதி வழியில் நின்றது.

"நிஜமாவா? கிட்டப் போனா பயப்பட மாட்டாளே?"

"பயமா? நல்லாக் கேட்டே போ. உள்ளங்கையில தீனியை வச்சு நீட்டுவா. நீ பேசாம அவளை நடுவில விட்டுட்டு ரெண்டடி தள்ளி நில்லு. அவளுக்கு அப்படி இருந்தாத்தான் பிடிக்கும். இடுப்பில தூக்கிக்கிட்டா கோபம் வந்துடும்."

துணி மடிக்கிறவர்களுக்குத் தெரியும். கிழிசல் இருக்கும் பக்கத்தை உள்ளே வைத்து மடிப்பார்கள். நீலத் தொப்பி, பாத்ரூம் பேச்சு எல்லாம் மேலே இருந்தது. பொய் உள்ளே போய்ச் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது.

"ஆனா முன்னாடியே சொல்லிடாதே" என்று அக்கா சேர்த்துச் சொன்னாள். "அங்கே போய்த் திடீர்னு பார்க்கட்டும். அப்போ அவ முகத்தைப் பாரு."

நர்ஸ் பேனாவை எடுத்து அந்த நீல வட்டத்தைச் சுற்றி இன்னொரு வட்டம் போட்டாள்.

அப்பா டீயை மேஜைமேல் வைத்தார். என்னவோ சொல்ல வாயெடுத்தார். அக்கா திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டு, "ரொட்டி இன்னும் ஒண்ணு இருக்கா?" என்றார்.

பட்டாணிக்கும் வாத்துக்கும் உள்ள கணக்கை நான் இதுவரை உங்களுக்குச் சொன்னதில்லை. மூன்று வயதிருக்கும்போது நடந்தது. கால்வாய் ஓரமாக அக்காவும் அப்பாவும் அவளை நடத்திக் கூட்டிப் போனார்கள். எங்கிருந்தோ வந்த ஒரு வெள்ளை வாத்து அவளைத் துரத்தியது. ஓடியவள் விழுந்தாள். விழுந்தவளின் கெண்டைக்காலைக் கொத்திப் பிடித்து, தோலோடு திருகி இழுத்தது. அப்பா குடையால் அடித்தும் விடவில்லை. மூன்று தையல். அதற்கப்புறம் பல நாட்கள் குழந்தை வாயே திறக்கவில்லை. இன்றைக்கும் புத்தகத்தில் வாத்துப் படம் வந்தால் அந்தப் பக்கத்தை அக்கா ஊசியால் தைத்து மூடிவிடுகிறாள். தங்கையிடம் போனில் சொல்லவில்லை. கடல் தாண்டி இருப்பவளை எதற்குக் கலங்க வைக்க வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தாள். அந்த நல்ல எண்ணம்தான் இன்றைக்கு இப்படி உதவிக்கு வந்தது.

சலவைக் கடையில் அக்காவின் மேஜை பின்கட்டில், நீராவி மிஷினுக்குப் பக்கத்தில். காலர் பொத்தானில் டோக்கன் குத்திய துணிகள் ஒரு பக்கம். பிரஷ், பஞ்சு, சின்னச் சின்னப் பாட்டில்கள் இன்னொரு பக்கம். அன்றைக்கு முதலில் வந்தது ஒரு வெள்ளை மேஜைவிரிப்பு, நடுவில் ரத்தக் கறை. யாரோ அவசரப்பட்டு வீட்டிலேயே வெந்நீரில் போட்டு அலசியிருந்தார்கள். சூடு பட்டால் ரத்தம் நூலோடு வெந்து ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அதை எடுப்பது பெரும்பாடு.

அக்கா அடியில் ஒரு துணியை வைத்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி ஒற்றி எடுத்தாள். வாயில் ஏதோ பாட்டு வந்தது. பல வாரத்துக்குப் பிறகு கை லேசாக இருந்தது. நாளைக்குச் சாயங்காலம் அழுதுகொண்டு வந்து காலைக் கட்டிக்கொள்வாள். 'போதும் கண்ணு, பெரியம்மாகிட்ட வந்துட்டே இல்ல' என்று தூக்கிக்கொள்ளலாம். ஒரு நாள் அழுகை. அதனால் என்ன குறைந்துவிடப் போகிறது? ஊசி போட்டால்கூடத்தான் குழந்தை அழுகிறது.

இப்படியெல்லாம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்ளத் தெரியாதவர்கள் பாவம் செய்வதே இல்லை.

மத்தியானம் அப்பா வந்தார். வெயிலில் நடந்தே வந்திருக்க வேண்டும், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கவுண்டரைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்து, நீராவிக்கு நடுவில் நின்றார்.

"என்னப்பா?"

"அது தப்பும்மா."

"எது?"

"எதுன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தக் குழந்தை அன்னிக்கு எப்படிக் கத்துச்சுன்னு நான் கேட்டிருக்கேன். அடுத்த ஸ்டாப் வரைக்கும் கேட்டிருக்கும். நீயே தங்கச்சிகிட்டச் சொல்லிடு. இல்லேன்னா நான் சொல்ல வேண்டியிருக்கும்."

அக்கா பிரஷைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். வாழ்நாள் முழுக்கப் பயணிகளின் சத்தத்தில் ஊறியவர்.

"சொல்லுங்க. இப்பவே போய்ச் சொல்லுங்க. அவ ரொம்பச் சந்தோஷப்படுவா. சந்தோஷத்தில பட்டாணியைக் கூட்டிட்டுக் கிளம்பிடுவா. உங்களையும் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாளா?"

அப்பா கையால் கழுத்து வியர்வையைத் துடைத்தார்.

"வந்து மூணு வாரம் ஆச்சு. உங்க முட்டி வலிக்கு என்ன மருந்துன்னு ஒருநாள் கேட்டாளா, நர்ஸம்மா? அங்கே பார்த்திருக்கிற வீட்டில எத்தனை ரூம்னு கேட்டீங்களா? ஒண்ணு. அதுல நீங்க எங்கே படுப்பீங்க, படிக்கட்டிலயா?"

"நான் எனக்காகப் பேசலம்மா."

"எனக்குத் தெரியும். யாருக்காகவும் நீங்க பேசினதில்லை. அவ குழந்தையை விட்டுட்டுப் போனபோது பேசினீங்களா? என்னைப் பார்த்துட்டுப் போனவங்க, குழந்தை இருக்கிற வீட்டில பொண்ணு எடுக்க மாட்டோம்னு சொன்னபோது, இது இவளோட குழந்தை இல்லைன்னு வாயைத் திறந்து சொன்னீங்களா? டிக்கெட் கிழிக்கிற மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னீங்க. இன்னிக்கு மட்டும் எதுக்குப்பா புதுப் பழக்கம்?"

அவருக்கு உதடு துடித்தது. வயதான ஆணின் உதடு துடிப்பதைப் பார்ப்பதைவிடக் கஷ்டம் வேறில்லை. அக்கா பார்த்தாள், பார்த்துக்கொண்டே அடுத்த துணியை எடுத்து டோக்கனைச் சரிபார்த்தாள்.

"போங்க. உள்ளே போங்க, உள்ளே போங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்லுவீங்களே. வீட்டுக்குப் போய் உள்ளே உட்காருங்க."

அப்பா திரும்பிப் போனார். கவுண்டரில் நின்றிருந்த வாடிக்கையாளர் ஒருவருக்கு ஒதுங்கி வழிவிட்டார். பழக்கம்.

அக்கா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். மேஜைவிரிப்பைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். கறை முக்கால்வாசி போயிருந்தது.

சாயங்காலம் அக்கா வீடு திரும்பியபோது நர்ஸ் நாளைக்குப் பொரிக்கிற முட்டையை இன்றைக்கே பொரித்துப் பழகிக்கொண்டிருந்தாள். பட்டாணி மேஜையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு, பூனைக்குட்டி நகத்தால் கீறிய கையைத் தாத்தாவிடம் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தாள்.

எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். நர்ஸ் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரமாக அவளும் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டாள். பொம்மை, பென்சில், கதை. குழந்தை மரியாதையாக வாங்கிக்கொள்ளும், மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்துகொள்ளும். ஒரு சிரிப்புக்காக அவள் என்ன வேண்டுமானாலும் கொடுப்பாள் போலிருந்தது. ரகசியத்தைக் கொடுத்துவிட்டாள்.

"நாளைக்கு நாம பூங்காவில என்ன பார்க்கப் போறோம் தெரியுமா? பெரியம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. உனக்கு வாத்துன்னா உயிராமே!"

அக்காவின் கையில் இருந்த ரொட்டித் துண்டு தட்டிலேயே விழுந்தது.

எல்லாவற்றையும் யோசித்தவள் இதை யோசிக்கவில்லை. பசித்தவளிடம் பண்டத்தைக் கொடுத்துக் காவல் இருக்கச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது. குழந்தை இப்போது வாயைத் திறந்தால் போதும். ஒரே ஒரு வார்த்தை, 'பயம்'. அவ்வளவுதான். தங்கை எழுந்து, 'ஏன் அக்கா இப்படிச் சொன்னே?' என்று கேட்பாள். அதற்குப் பதிலே கிடையாது. நிபந்தனையும் போகும், குழந்தையும் போகும்.

பட்டாணியின் கால் ஆடுவது நின்றது.

"எந்த வாத்து?"

"பெரிய்ய வெள்ளை வாத்து! நிறைய இருக்கு. கையாலயே தீனி போடலாம். நான் தள்ளி நின்னுக்கறேன், நீயே போடலாம்."

குழந்தை அம்மாவைப் பார்க்கவில்லை. தாத்தாவைப் பார்த்தது. தாத்தா தட்டைப் பார்த்தார். அப்புறம் பெரியம்மாவைப் பார்த்தது.

அக்கா கண்ணை விலக்கவில்லை. கெஞ்சினாளா, மிரட்டினாளா என்று அவளுக்கே தெரியாது. நாலு வருஷமாக அந்த முகத்தைப் பார்த்துத்தான் குழந்தை வெயிலா மழையா என்று தெரிந்துகொண்டிருக்கிறது. அது படித்துவிட்டது.

"ஆமா" என்றாள் பட்டாணி. "பிடிக்கும்."

"எவ்வளவு பிடிக்கும்?" நர்ஸுக்கு ஆசை அடங்கவில்லை.

"நிறைய."

மேஜைக்கு அடியில் ஒரு கை போய்க் கெண்டைக்காலை மூடிக்கொண்டதை அப்பா பார்த்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது. கை கழுவினார், செருப்பை மாட்டிக்கொண்டார், கதவைத் திறந்து வெளியே போனார். எங்கே போகிறார் என்று யாரும் கேட்கவில்லை.

சாப்பாடு முடிந்ததும் அக்கா பட்டாணியை அறைக்குள் உட்கார்த்தித் தலை வாரினாள். நாளைக்குச் சிக்கு இல்லாமல் இருக்க வேண்டும் என்று இரட்டைப் பின்னல். ஒரு பக்கம் போட்டு முடித்தாள்.

"பெரியம்மா."

"ம்."

"நான் சரியா சொன்னேனா?"

"என்னது?"

"வாத்து பிடிக்கும்னு."

சீப்பு நின்றது.

"பெரியம்மா, நாளைக்கு நான் அழணுமா?"

"யாரு அப்படிச் சொன்னா?"

"நீங்க ரெண்டு பேரும் சமையல்ரூம்ல கத்தினீங்களே, அன்னிக்கு நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். அழுதா இங்கேயே இருக்கலாம். சிரிச்சா ரயில்ல போகணும்."

அக்கா சீப்பை அடுத்த பக்கத்து முடியில் செருகினாள்.

"நான் அழறேன் பெரியம்மா. எனக்கு நல்லா அழத் தெரியும். கண்ணைத் தேய்ச்சா தண்ணி வந்துடும். நீ சொன்னா கத்திக்கூட அழறேன்." குழந்தை திரும்பவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே பேசியது. "ஆனா வாத்து வேணாம். வாத்து இல்லாமலே அழறேன்."

வாசகர்களே, இத்தனை வாரமாக அக்காவுக்காக உங்களிடம் வாதாடியவன் நான். இந்த இடத்தில் அவளை மன்னிக்கவும் தயாராக இருந்தேன். ஏனென்றால் அவள் எழுந்துவிட்டாள். பாதி வாரிய தலையோடு குழந்தையை விட்டுவிட்டு, நேராகக் கூடத்துக்கு நடந்தாள். சொல்லிவிடத்தான் போனாள். 'நான் சொன்னது பொய், அந்தக் குளத்துப் பக்கமே போகாதே' என்று. வார்த்தைகூட வரிசையாக வாய்க்கு வந்துவிட்டது.

கூடத்தில் நர்ஸ் தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரில் ஒரு பெட்டி திறந்து கிடந்தது. அதில் பட்டாணியின் துணிகள்.

"வா அக்கா. உன்னைத்தான் கூப்பிட இருந்தேன்." முகம் பளபளவென்று இருந்தது. "பிடிக்கும்னு அவ வாயாலயே சொல்லிட்டா, கேட்டியா? எனக்கு இனிமே பயமே இல்லை. அதான் கையோட எடுத்து வைக்க ஆரம்பிச்சுட்டேன். நாளைக்கு வந்து அலைய வேணாம் பாரு."

அக்கா பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்த குவியலைப் பார்த்தாள். மஞ்சள் கவுன். முழங்காலில் ஒட்டுப்போட்ட பேன்ட். ஜாம் கொட்டி, மை கொட்டி, ஒவ்வொரு தரமும் கடைக்குக் கொண்டு போய், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து அவளே கறை எடுத்த துணிகள்.

"இதெல்லாம்?"

"பழசுக்கா. எதுக்குச் சுமந்துக்கிட்டு? அங்கே போய்ப் புதுசா வாங்கித் தரேன். நீயே கடையில துடைக்கிற துணிக்கு எடுத்துக்கோயேன்."

அக்கா மஞ்சள் கவுனைக் கையில் எடுத்தாள். ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாள். மடித்துத் திரும்பக் கீழே வைத்தாள்.

"ஆமா, நீ என்னவோ சொல்ல வந்தியே?" என்றாள் நர்ஸ்.

"இல்லை. ஒண்ணுமில்லை."

"அப்போ நான் ஒண்ணு கேட்கறேன். நாளைக்கு முதல்ல பட்டாம்பூச்சிக் கூடத்துக்குப் போகட்டுமா, குளத்துக்குப் போகட்டுமா? கடைசியா குளத்துக்குப் போனா நல்ல ஞாபகத்தோட திரும்பி வருவாளேன்னு யோசிக்கிறேன்."

அறை வாசலில் பட்டாணி வந்து நின்றிருந்தாள். ஒரு பக்கம் பின்னல், ஒரு பக்கம் அவிழ்ந்த முடி. அதில் சீப்பு செருகியபடியே தொங்கிக்கொண்டிருந்தது. பெரியம்மாவைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அம்மாவுக்குத் தெரிந்துவிடாதபடி, மிகக் கொஞ்சமாக.

அக்கா பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள்.

"முதல்ல குளத்துக்கே போயிடு" என்றாள். "பூங்காக்காரங்க தீனி வைக்கிறதுக்கு முன்னாடி போகணும். பசியோட இருந்தாத்தான் கிட்ட வரும்."

பட்டாணி உள்ளே திரும்பிப் போனாள். சீப்பை உருவி எடுத்து, மிச்சமிருந்த முடியைத் தானே பின்ன ஆரம்பித்தாள். சின்ன விரல்களுக்குள் முடி நிற்கவில்லை. இரண்டு தரம் அவிழ்ந்தது. மூன்றாவது தரம் கோணலாக ஒரு பின்னல் வந்தது. பெரியம்மாவைக் கூப்பிடவில்லை.